விதை சுரண்டிய கொச்சிக்காய்

எங்கள் ஆட்களிடம் வீடு பெண் பிள்ளைக்குத்தான் போகும். அதனால் கனமூலையில் உம்மா விட்டுச் சென்ற வீடு, கிணறு, தென்னைகள், மாடு இல்லாத மாட்டுக்கொட்டில் எல்லாம் என் மூத்த சகோதரிக்குப் போயின. ராத்தாவுக்கு அதில் பெருமையும் இல்லை, எனக்கு அதில் வருத்தமும் இல்லை. நான் என் பங்காக எடுத்துக்கொண்டது கிணற்றடியில் நின்ற ஒரே கொச்சிக்காய்ச் செடியை, மிளகாய்ச் செடியைத்தான். பழைய பெயின்ற் வாளியில் மண்ணோடு இறக்கி, ஓட்டோவில் ஏற்றித் தில்லையடிக்குக் கொண்டுவந்தேன்.

தில்லையடி வீடு என் மனைவியுடையது. அவளுக்கு அவளுடைய உம்மா கொடுத்தது. ஆக, ஐம்பதைத் தாண்டிய, கண்ணாடி போட்ட, பத்திரிகைகளில் வேடிக்கைக் கட்டுரை எழுதிப் பெயர் வாங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதன் அந்த வளவில் தன்னுடையது என்று கைநீட்டிக் காட்டக்கூடியவை இரண்டே இரண்டு. ஒன்று புத்தக அலுமாரி. அதில் கறையானும் பங்குக்கு வந்துவிட்டது. மற்றது கொச்சிக்காய்ச் செடி. வாசலைத் தாண்டி உள்ளே வரும் எவரையும் முதலில் அந்தச் செடியிடம்தான் கூட்டிப்போவேன். வந்தவர் தண்ணீர் கேட்டுத்தான் வந்தார் என்பது பிறகு தெரியவரும்.

அது கடையில் கிடைக்கிற கொச்சிக்காய் அல்ல. பெருவிரல் நகம் இரண்டைச் சேர்த்து வைத்த அளவு. முகத்தைச் சுளித்தது போலத் தோல் சுருங்கியிருக்கும். காயாக இருக்கும்போது மெழுகுதிரி நிறம். பழுத்த பிறகு மஞ்சளா சிவப்பா என்று அதற்கே தெரியாத ஒரு நிறம். கிள்ளி முகர்ந்தால் கொய்யாப்பழத்தைச் சவர்க்காரக் கடதாசியில் சுற்றி வைத்தது போல ஒரு மணம். உறைப்பைப் பற்றி ஒன்று சொன்னால் போதும். புத்தளத்துக் கழுதைகள் கடதாசிப் பெட்டியையும் தேர்தல் சுவரொட்டியையும் தின்பவை. அவற்றில் ஒன்று ஒருநாள் திறந்திருந்த கேற்றுக்குள் தலையை நீட்டி ஒரு கிளையைக் கடித்தது. அதன் பிறகு அது எங்கள் ஒழுங்கையால் வருவதில்லை. பள்ளிவாசலைச் சுற்றிப் போகிறது.

இந்தக் கொச்சிக்காயைச் சமைக்க ஒரு முறை இருக்கிறது. வெட்டக் கூடாது, கீறக் கூடாது, காம்பைக் கிள்ளக் கூடாது. மீன் ஆணம் கடைசியாகக் கொதித்து வரும்போது காம்போடு முழுசாக இரண்டை மிதக்கவிட வேண்டும். தோல் பளபளவென்று உப்பி வரும். வெடிப்பதற்கு முன் காம்பைப் பிடித்து வெளியே எடுத்துவிட வேண்டும். மணம் ஆணத்தில் தங்கும், உறைப்பு காய்க்குள்ளேயே இருக்கும். எடுத்த காயை வீசத் தேவையில்லை. தைரியமுள்ளவர் சோற்றோடு பிசைந்து கொள்ளலாம். எங்கள் வீட்டில் அந்தத் தைரியம் என் மனைவிக்கு மட்டும் உண்டு.

செடி வளர்ப்பைப் பற்றி மூன்று புத்தகங்கள் படித்தேன். மூன்றும் ஒன்றையொன்று மறுத்தன. நான் மூன்றையும் பின்பற்றினேன். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் தேநீர் போட்டால் விருந்தாளி சீனிக்குப் பதிலாக உப்பு விழுந்துவிட்டதோ என்று கேட்பார். அதனால் குடிப்பதற்கென்று விலைக்கு வாங்கும் பில்டர் தண்ணீரைத்தான் செடிக்கு ஊற்றினேன்.

"மனிசருக்குக் கிணத்துத் தண்ணி, கொச்சிக்காக்குப் பில்டர் தண்ணியா?" என்று மனைவி கேட்டாள்.

"மனிசருக்கு வேற கிணறு தேடிப் போக ஏலும். செடிக்கு ஏலுமா?"

"உங்களுக்கு ஏலுமெண்டாப் போய்த் தேடுங்களன்."

இந்த அளவில் விட்டிருந்தால் நான் ஒரு சாதாரணச் செடிப் பைத்தியமாக முடிந்திருப்பேன். ஆனால் மூன்று புத்தகங்களும் ஒத்துப்போன ஒரே விஷயம் என்னைக் கெடுத்துவிட்டது. கொச்சிக்காய் பக்கத்தில் நிற்கும் வேறு கொச்சியோடு எளிதில் கலந்துவிடுமாம். கலந்தால் அடுத்த தலைமுறைக்கு மணமும் போகும் குணமும் போகும். இதைப் படித்த நாளிலிருந்து நான் விதையை வெளியே விடுவதில்லை என்று தீர்மானித்தேன். அதற்கு மரபுத் தூய்மை பேணல் என்று மனதுக்குள் ஒரு பெரிய பெயரும் வைத்திருந்தேன்.

காயைக் கேட்பவர்களுக்கு இல்லை என்று சொல்ல முடியாது. ஆகவே காயைக் கொடுப்பேன், விதை இல்லாமல். சவர அலகால் ஒரு பக்கம் கீறி, காதுக் குரும்பி எடுக்கும் கரண்டியால் (புதியதுதான்) உள்ளே இருப்பதைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்துவிட்டுக் கொடுப்பேன். ஒரு காய்க்குக் கால் மணித்தியாலம் பிடிக்கும். கீறிய காயை ஆணத்தில் மிதக்கவிட முடியாது, உறைப்பெல்லாம் இறங்கிவிடும் என்பது எனக்குத் தெரியும். எதிர்வீட்டு டீச்சர் இரண்டு காய் வாங்கிப்போன அன்று அவர்கள் வீட்டில் பகல் முழுக்கக் குழாய் ஓடிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. மறுநாள் என்னைப் பார்த்து, "நல்ல மணம் சேர்" என்று மட்டும் சொன்னார். கண் இன்னும் சிவந்திருந்தது.

போன வருடம் சோளகக் காற்று தொடங்கிய கையோடு செடிக்கு வருத்தம் வந்தது. நுனி இலைகள் படகு போல மேலே மடிந்தன. பூக்கள் உதிர்ந்தன. காய் ஒன்றுகூட இல்லை. வேப்பெண்ணெய் தெளித்தேன், சாம்பல் தூவினேன், விவசாயக் கடைக்காரர் தந்த போத்தலையும் அடித்தேன். செடி ஒவ்வொரு மருந்தையும் மரியாதையாக ஏற்றுக்கொண்டு இன்னும் கொஞ்சம் சுருண்டது. ஆனாலும் நான் கலங்கவில்லை. முந்திய போகத்தில் செடியிலேயே பழுத்த ஏழு காய்களைத் தெரிந்தெடுத்து, நிழலில் உலர்த்தி, விதையோடு ஒரு ஜேம் போத்தலில் போட்டுக் குசினித் தட்டில் வைத்திருந்தேன். செடி போனாலும் அந்த ஏழு காய் இருந்தது. அந்த ஏழைத் தவிர உலகத்தில் வேறெங்கும் ஒன்றும் இல்லை. நான்தான் இல்லாமல் ஆக்கியிருந்தேனே.

ராத்தாவிடம் டெலிபோனில் செடியின் நிலைமையைச் சொன்னது என் பிழை. வாப்பா மௌத்தானபோதும் நான் அவ்வளவு நேரம் கதைத்ததில்லை என்று ராத்தா பிறகு சொன்னார். வெள்ளிக்கிழமை காலையிலேயே கனமூலையிலிருந்து வந்து இறங்கிவிட்டார். செடியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"இது வருத்தமில்ல தம்பி. கண்ணூறு."

"ராத்தா, இது வெள்ளை ஈ. இலைக்கு அடியில பாருங்க, பறக்குது."

"ஈயும் கண்ணூறாலதான் வந்திரிக்கி. வாற போற ஆக்களுக்கெல்லாம் காட்டிக் காட்டி வெச்சா? பிள்ள பிறந்த வீட்டுலயும் இப்பிடிக் கூப்பிட்டுக் காட்டமாட்டாங்க."

நான் சிரித்துவிட்டு ஜும்ஆவுக்குப் போனேன். குத்பாவில் அன்று பெருமையைப் பற்றித்தான் பேசினார்கள். பக்கத்தில் இருந்தவர்களுக்கு அது தேவை என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது ஒழுங்கை முனையிலேயே இருமல் கேட்டது. ஒருவர் இருவர் இல்லை, இரண்டு பக்கமும் இருமல். எதிர்வீட்டு டீச்சர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றார். எங்கள் வீட்டுக்குள் லுஹர் தொழுதுகொண்டிருந்த என் மனைவி ருகூவில் குனிந்தபடி இருமிக்கொண்டிருந்தாள். முன் வளவில், செடிக்கு முன்னால், சிரட்டைத் தணல் நிறைந்த சட்டியோடு ராத்தா நின்றார். கண்ணால் நீர் வழிந்தது. முகத்தில் மட்டும் ஒரு திருப்தி.

"சுத்திப் போட்டுட்டன் தம்பி. கையில உப்பு, கடுகு, ஏழு செத்தல் கொச்சிக்கா. ஓதித்தான் சுத்தினன், பயப்படாத."

"எந்தக் கொச்சிக்கா?"

"குசினியில போத்தல்ல இரிந்திச்சே. எண்ணினாச் சரியா ஏழு. அல்லாஹ்வே எடுத்து வெச்ச மாதிரி."

எனக்குச் சட்டென்று உட்கார வேண்டும் போல் இருந்தது. கதிரை தூரத்தில் இருந்தது, அதனால் நின்றேன்.

ராத்தா சட்டியைக் கிளறிக்கொண்டே தீர்ப்பையும் சொன்னார். கண்ணூறு இருந்தால் கொச்சிக்காய் எரியும்போது நெடி வராது. இல்லாவிட்டால்தான் நெடி வரும், இருமல் வரும். இங்கே ஒழுங்கை முழுவதும் இருமிவிட்டது. "ஆகக் கண்ணூறு இல்ல. நீ சொன்ன ஈதான் போல."

இப்படியாக, ஒரு செடியைக் காப்பாற்ற அதன் விதை முழுவதையும் அதன் கண் முன்னாலேயே எரித்து, அதற்கு வெள்ளை ஈதான் பிடித்திருக்கிறது என்பதை நாங்கள் குடும்பமாக உறுதிசெய்தோம்.

விஷயத்தைச் சொன்னபோது ராத்தாவின் முகம் மாறியது. "எங்கட உம்மாட கொச்சியா? அதையா நான்..." என்று சட்டியைக் கீழே வைத்தார். அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. போத்தலில் என்ன இருக்கிறது என்று ஒரு துண்டுக் கடதாசி ஒட்டியிருக்கலாம். அலுமாரியில் படிக்காத புத்தகங்களுக்குக்கூட இலக்கம் எழுதி ஒட்டிவைத்தவன் நான். சாப்பிடும்போது ராத்தா திடீரென்று, "யாருக்காவது குடுத்திரிப்பாயே? அவங்களிட்டக் கேளன்" என்றார். என் மனைவி தலையைக் குனிந்து மீனில் முள் எடுத்தாள். அது முள் இல்லாத துண்டு.

பத்து நாளில் செடி செத்துப்போனது. அன்றிலிருந்து நான் வீடு வீடாகப் போனேன். காய் வாங்கியவர்கள் ஒருவேளை மிச்சம் வைத்திருக்கலாம், எனக்குத் தப்பிய ஒரு விதை அதில் இருந்திருக்கலாம். அந்த நம்பிக்கையை நானே வளர்த்து நானே தண்ணீர் ஊற்றினேன், இம்முறை கிணற்றுத் தண்ணீர். டீச்சர் கதவைத் திறந்து நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"சேர், நீங்க தந்த காய்க்குள்ள விதை இரிந்திச்சா?"

"இல்ல."

"சரி, உள்ளுக்கு வெள்ளையா ஒரு தோல் இரிக்குமே, அதாவது?"

"அதையும் எடுத்திருப்பேன்."

"அப்ப நீங்க என்னட்டத் தேடி வாறதுல என்ன பிரயோசனம்?" என்று மிகப் பணிவாகக் கேட்டார். டீச்சர்கள் பணிவாகக் கேட்கும்போதுதான் பயமாக இருக்கும். ஒழுங்கையில் மற்ற வீடுகளிலும் இதே பரீட்சைதான், கேள்விகள் மட்டும் வேறு.

மூன்றாம் நாள் வெயிலில் திரிந்துவிட்டு வந்து நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் கதிரையில் விழுந்ததைப் பார்த்து மனைவிக்கு மனம் இளகியிருக்க வேண்டும். தேசிக்காய்த் தண்ணீரைக் கையில் தந்துவிட்டுக் கதவோரமாக நின்றாள்.

"ஒண்டு சொன்னாக் கத்தமாட்டீங்களே?"

"இப்ப எனக்குக் கத்தச் சீவனில்ல. சொல்லு."

"மீன்காரத் தம்பிக்குக் குடுத்திரிக்கன்."

மீன்காரத் தம்பி ஆலங்குடாவில் இருந்து மோட்டார் சைக்கிளில் ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டி கட்டிக்கொண்டு வருபவன். மூன்று வருடமாக எங்கள் வீட்டுக்கு நல்ல மீன்தான் தருவான். பாரை என்றால் நடுத் துண்டு, விளைமீன் என்றால் கண் தெளிந்தது. மற்ற வீடுகளுக்கு வால் பக்கம் போவதைப் பார்த்து, என்னுடைய எழுத்தின் மீது அவனுக்கு இருக்கும் மதிப்பு என்று நான் நினைத்திருந்தேன். ஒரு கட்டுரையில் அதை ஜாடையாக எழுதியும் இருந்தேன்.

"கொச்சிக்காயா குடுத்த? முழுசாவா? விதையோடயா?"

"கீறின காயைக் கொண்டுபோய் அவன் என்ன செய்ற? கிழமைக்கு ரெண்டு மூண்டு குடுப்பன். அவன் நல்ல துண்டாப் பாத்துப் போடுவான்."

மூன்று வருடம். எனக்குக் கோபம் வர வேண்டிய இடம் இது. ஆனால் நெஞ்சுக்குள் எழும்பியது வேறு. நான் பொத்திப் பொத்தி மூடி வைத்த ஒன்றை இவள் மூன்று வருடமாகக் குசினி யன்னலால் வெளியே நீட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தமாகச் சொல்லத் தோன்றியது. மரியாதை கருதி மெதுவாகச் சொன்னேன்.

மறுநாள் அவன் மீனோடு வருவான் என்று காத்திருக்கப் பொறுமை இல்லை. பஸ் பிடித்தேன். நுரைச்சோலை மின்நிலையத்தின் புகைபோக்கியைத் தாண்டி, ஆலங்குடாவில் இறங்கி, கடலுக்கு மேல் அலைச்சறுக்கும் வெள்ளைக்காரர்களின் பட்டங்கள் பறக்கும் திசையில் விசாரித்துக்கொண்டு நடந்தேன். மீன்காரனின் வீட்டைக் கண்டுபிடிக்கும் முன் செடிகளைக் கண்டுபிடித்துவிட்டேன். கிடுகு வேலி ஓரமாக, மணலில், என் இடுப்பளவு உயரத்தில் வரிசையாகப் பதின்மூன்று. ஒவ்வொன்றிலும் மெழுகுதிரி நிறத்தில் காய் தொங்கிக்கொண்டிருந்தது.

மீன்காரனின் மனைவி மீன் கழுவிய தண்ணீரை அவற்றின் வேரில் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் சலாம் சொல்லி, நான் யார் என்று சொன்னேன்.

"ஓ! மதினிட மாப்பிள்ளையா? வாங்க நானா, உள்ளுக்கு வாங்க."

பெயருள்ள எழுத்தாளன் என்றும் சேர்த்துச் சொல்லலாம் என்று பார்த்தேன். தேவைப்படவில்லை. அவளுக்கு என் மனைவியைத்தான் தெரியும், கண்டதில்லை என்றாலும்.

"இந்தச் செடிக்கு என்ன போடுறீங்க?" என்று கேட்டேன்.

"என்ன போட? இந்தத் தண்ணிதான். சும்மா முளைச்சு வந்தது. வேணாமெண்டு பிடுங்கினாலும் வருது."

என்னிடம் இருந்த மூன்று புத்தகங்களையும் நினைத்துக்கொண்டேன். ஒரு பழத்தைப் பிடுங்கி நுனியைக் கடித்துப் பார்த்தேன். கலந்துவிட்டதா இல்லையா என்று அறிய வேறு வழியில்லை. கொய்யா மணம் மூக்கில் ஏறியது. அதன் பிறகு சிறிது நேரம் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. விக்கல் எடுத்து, காது அடைத்து, வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கலக்கவில்லை. அதேதான். அவள் ஓடிப்போய்ச் சீனி கொண்டுவந்து என் உள்ளங்கையில் கொட்டினாள்.

மீன்காரத் தம்பியும் அந்த நேரத்தில் வந்து சேர்ந்தான். கதையை விக்கலுக்கு நடுவில் சொன்னேன். இவ்வளவு செடி வீட்டில் இருக்கும்போது கிழமைக்குக் கிழமை ஏன் எங்கள் வீட்டில் காய் வாங்கினாய் என்றும் கேட்டேன். அவன் தலையைச் சொறிந்தான்.

"மதினி ஆசையாத் தாறா. வேணாமெண்டு எப்பிடி நானா சொல்ற?"

"அப்ப நல்ல மீன் துண்டு?"

"அது மதினிக்கித்தானே."

ஆக, அது என் எழுத்துக்காகவும் இல்லை, என் கொச்சிக்காய்க்காகவும் இல்லை. நான் அதற்கு மேல் விசாரிக்கவில்லை. வீடு திரும்ப ஏதாவது மிச்சம் இருக்க வேண்டுமே.

அவள் ஒரு சொப்பிங் பையை எடுத்து, பழமும் காயுமாகப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டாள். "போதும் போதும்" என்று நான் சொன்னதை மரியாதைக்குச் சொல்வதாக எடுத்துக்கொண்டாள். ஒன்றையும் எண்ணவில்லை, ஒன்றையும் கீறவில்லை. பையின் வாயைச் சும்மா ஒரு முடிச்சுப் போட்டுத் தந்தாள். நான் பஸ்ஸில் ஏறியதும் அந்த முடிச்சை இரண்டாக்கினேன்.

பஸ்ஸில் எனக்கு முன் ஆசனத்தில் என் வயதுப் பெண் ஒருத்தி மடியில் கூடையோடு இருந்தாள். கொஞ்சத் தூரம் போனதும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பினாள்.

"நானா, உங்கட பையிலயா மணக்குது? பிசினாறிக் கொச்சியா அது?"

"என்ன கொச்சி?"

"தெரியாதா? இந்தப் பக்கம் எல்லாரும் அப்பிடித்தான் சொல்ற. புத்தளத்துல ஒரு மனிசனாம். காய் கேட்டா, கீறி, விதையெல்லாம் சுரண்டி எடுத்துப்போட்டுத்தான் குடுப்பாராம். காது குடையுற கரண்டியால!"

பக்கத்தில் நின்ற கொண்டக்டர் சிரித்தான். நானும் சிரிக்க வேண்டியிருந்தது.

"அப்பிடியும் மனிசர் இரிக்காங்களா?" என்றேன்.

"இரிக்காங்களே! படிச்ச மனிசனாம் வேற." அவள் கூடையை ஒதுக்கிக்கொண்டு இன்னும் நன்றாகத் திரும்பினாள். "எங்கட செடியில இப்ப காயில்ல. ரெண்டு தாங்களன், இண்டைக்கு ஆணத்துக்குப் போட."

முடிச்சு இரண்டையும் அவிழ்க்க நேரம் எடுத்தது. இரண்டு கேட்டாள், நான் நான்கு கொடுத்தேன், காம்போடு, முழுசாக. நான்காவதைக் கொடுத்தபோது எனக்கே என் மீது ஒரு மதிப்பு வந்தது. அந்த வேகத்தில் ஐந்தாவதையும் எடுத்தேன். நல்ல பழம், விதைக்கென்றே பழுத்தது. விரல் அதை விடவில்லை. விடு என்று சொல்லிப் பார்த்தேன். அதற்குள் பாலாவிச் சந்தி வந்துவிட்டது, அவள் சலாம் சொல்லி இறங்கிப் போய்விட்டாள்.